தங்கத் திருவோடும் ஒரு புளியமரமும்

தொடர்கதை எழுதுகிறவனை யாரும் முழுசாக நம்புவதில்லை; நம்புகிறவர்கள் கடப்பாரையோடு வருகிறார்கள்.

முப்பது வருஷம் நாளிதழில் செய்தி எழுதி ஓய்வு பெற்ற பிறகு, அதே இதழின் ஞாயிறு இணைப்புக்கு ஒரு சாகசத் தொடர் எழுதினேன். கதாநாயகன் புத்தர். ஒரு ராஜா கொடுத்த தங்கத் திருவோட்டோடு ஜவ்வாது மலை வழியாக நடக்கிறார். பின்னால் கொள்ளைக் கூட்டம். எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, மீதியைக் கேளுங்கள்.

கத்தி இல்லாத கதாநாயகன்

முதல் அத்தியாயத்தைப் படித்த ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏழு பேர் வாளை உருவி மறிக்கிறார்கள். புத்தர் நடுவில் புகுந்து நடந்து போகிறார், ஒருவனும் வெட்டவில்லை. "இடுப்புல ஒரு குறுவாளாவது குடுங்க சார். எடுக்கவே வேணாம், சும்மா இருக்கட்டும்." நான் கொடுக்கவில்லை.

இரண்டாவது வளைவு, இடப்பக்கம்

புத்தர் திருவோட்டைப் புதைக்கும் அத்தியாயத்தில்தான் வினை. விபத்துச் செய்தி எழுதிப் பழகிய கை, இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல் விடாது. சுனையைத் தாண்டி இரண்டாவது வளைவு, இடப்பக்கம், அடியிலேயே இரண்டாகப் பிரிந்த புளியமரம் என்று எழுதிவிட்டேன். மரம் நிஜம். கோவிந்தன் என்பவரின் சாமைக் கொல்லை ஓரத்தில் நிற்கிறது.

அத்தியாயம் வெளியான ஞாயிறு மதியத்துக்குள் இரண்டு பைக்கில் நாலு பேர் வந்து வேர் தெரியத் தோண்டினார்கள். அடுத்த ஞாயிறு ஆறு பேர். மறுநாள் கோவிந்தன் மலையிறங்கி, செங்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் என் அத்தியாயம், நாலாக மடித்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமை வூட்டுக்கே சரியாப் போவுது. அந்தப் புளியை நம்பித்தான் பொண்ணு காலேஜுக்குப் போவுது. ஆளை வுட்டுத் தோண்டச் சொல்லிட்டு, நீ இங்க ஃபேன் போட்டுனு குந்தினுகீற. இன்னாதான் பொதைச்சு வெச்சிருக்குது, சொல்லு!"

மறுப்புச் செய்தி

அடுத்த வாரமே புத்தர் திரும்பி வந்து, திருவோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக எழுதினேன். சரிபார்க்க நானே மலையேறினேன். இரண்டு பேர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "எடுத்துட்டாருன்னு எழுதுனா நாங்க போய்டுவோம், அப்பாலிக்கா நீங்க வந்து எடுப்பீங்க. அதானே சார் கணக்கு?"

பள்ளத்தை மூடியபோது

அவர்கள் போன பிறகு கோவிந்தனும் நானும் மண்ணைத் தள்ளினோம். ஒரு பக்கத்து வேர் அறுந்திருந்தது. மண்ணைக் காலால் மிதித்துக்கொண்டே அவர் கேட்டார்: "அரமனை, பொண்டாட்டி, புள்ளை எல்லாத்தையும் வுட்டுட்டு வந்த மனுசன், ஒரு திருவோட்டையா பொதைச்சு வைப்பாரு? திருடன் கேட்டா இந்தான்னு குடுத்துட்டுப் போயிருப்பாரு."

வரப்பிலேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். முதல் நாளே கொள்ளையர் கேட்டார்கள், புத்தர் கொடுத்துவிட்டார். புதைத்த கதை, தங்களை யாரும் துரத்தாமல் இருக்க அந்தக் கொள்ளையர் கிளப்பிவிட்டது. அதன் பிறகு ஒரு கடப்பாரையும் வரவில்லை.

அந்தப் பருவத்தில் மரத்தின் ஒரு கிளை காய்த்தது. இன்னொன்று வாடி நின்றது. பார்க்கப் போன என் தோள்பையைக் கோவிந்தன் தொட்டு, உள்ளே புதுக் கதைத் தாள் ஏதும் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். "அடுத்த கதையில யாரைக் கூட்டினு வரப்போற? முன்னாடியே சொல்லிடு சார், வேலி போடணும்."

என் புத்தரை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே வாசகர், இன்றைக்கும் என் பையைச் சோதித்த பிறகுதான் வணக்கம் சொல்கிறார்.