மாமா சமைத்த ஐரிஷ் ஸ்டூ

அம்மாவின் ஒரே தம்பியான எங்கள் மாமா, சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். ராயபுரத்தில் எங்கள் தெருவில் அது தெரியாதவர் இல்லை. தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் பேச்செல்லாம் கறியும் உருளைக்கிழங்கும்தான். ஜெர்மன்காரர்கள் உப்பு மாட்டுக்கறியைக் கிழங்கோடு பிசைந்து, பீட்ரூட் சேர்த்து, மேலே பொரித்த முட்டையை வைப்பார்களாம். பெரு தேசத்தில் வறுத்த கறியில் வறுத்த கிழங்கைக் கொட்டி, அதையும் சோற்றோடு சாப்பிடுவார்களாம். அயர்லாந்துக்காரர்கள் ஆட்டுக்கறியையும் கிழங்கையும் குழைய வேகவைக்கும் ஐரிஷ் ஸ்டூவில் மிளகாயே கிடையாதாம்.

"மொளகா இல்லாம எப்டி மாமா துன்றாங்கோ?" என்று கேட்டால், "பயகிப் போச்சு கண்ணு" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தியின் நிச்சயத்துக்குத் திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மச்சான் கையால் ஐரிஷ் ஸ்டூ என்று அப்பா அவர்களிடம் சொல்லிவைத்துவிட்டார். அடுப்பு சரியில்லை என்றார் மாமா. சட்டி சரியில்லை என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் சமையல் தொடங்கியது. மாமா கிழங்கு சீவிய வேகத்தைப் பார்த்து நான் மலைத்துப்போனேன். தோல் எங்கும் அறுபடாமல் நாடாவாக இறங்கியது. ஒரு கூடைக் கிழங்கும் முடிந்ததும் எழுந்து ஆட்டுக்கறிச் சட்டியின் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"அப்பால இன்னாடா போடணும்?" என்றாள் அம்மா.

"தெரியாதுக்கா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது.

"பதினோரு வருசமா கெயங்கு சீவறேன், தட்டு கயுவறேன். அடுப்பாண்ட என்ன வுட்டதே இல்லக்கா."

பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் பெருமையடித்திருந்தேனோ அத்தனை முகங்களும் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ தாழ்ந்த குரலில், "அப்போ ருசியெல்லாம் எப்டிடா தெரியும்?" என்றாள்.

"துன்ன தட்டுங்கோ திரும்பி வரும்ல. அதுல மிச்சம் கீறத துன்னுவேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். "நான் செய்யறேன். நீ ருசி பாத்து சொல்லு."

இவள் கரண்டியில் எடுத்து நீட்ட, அவர் கண்ணை மூடிச் சுவைத்து, இன்னும் கிழங்கு குழையணும், மிளகு போதும் என்று சொல்லச் சொல்ல ஸ்டூ உருவானது. அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். "ஆச்சா?" என்று கூடத்திலிருந்து அப்பாவின் குரல் இரண்டு முறை கேட்டது.

அம்மா விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த பீங்கான் தட்டுகளில் ஒன்றைத் துடைத்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கிப் போட்டு, மாமாவைப் பலகையில் உட்காரவைத்தாள். "மொதல்ல நீ துன்னு."

நான் திகைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் விருந்தாளி கை நனைக்குமுன் வீட்டு மனிதர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் தட்டைக் காலி செய்யும்வரை அம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள்.

விருந்து பிரமாதமாக நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். யார் சமையல் என்று அவர் கேட்டபோது, "தம்பி பக்குவம்" என்றாள் அம்மா. சித்தியின் கல்யாணம் உறுதியானது.

அவர்கள் போனதும் அப்பாவிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னேன். மாமா சமையல்காரரே இல்லை என்பதையல்ல; அந்த அவமானத்தை எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. விருந்தாளிகளைக் காக்கவைத்துவிட்டு அம்மா தன் தம்பிக்கு முதலில் பரிமாறினாள் என்பதைத்தான் சொன்னேன். அன்று எங்கள் வீட்டில் நடந்த பெரிய தப்பு அதுதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.