எல்லா போல்ட்டுக்கும் ஒரே சாவி

வீட்டில் யாராவது ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைத்துவிட்டால் போதும், என் அக்கா எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். "உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்பாள். அப்பா, பாவம், அவளுக்குப் பயந்தே போனைத் தொடமாட்டார்.

அவள் வேலை அப்படி. ரயில் பெட்டிகளின் கூரைத் தகடுகளைப் பிடித்திருக்கும் மின்னணு போல்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறாள். ஸ்பேனர் வேண்டாம், மெக்கானிக் கைக்கருவியில் பொத்தானை அழுத்தினால் போல்ட் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ரகசிய எண். அதில் அம்மணிக்குப் பெருமை தாங்காது.

பணிமனையில் ஒருநாள் ஒரு தகடு கழன்று, கீழே நின்ற பெயின்டரின் தோள் எலும்பை முறித்துவிட்டது. காலையில் அதைப் பூட்டிய மெக்கானிக்கின் மச்சினன்தான் அந்தப் பெயின்டர். "பூட்டிட்டுத்தான் சார் போனேன்" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கழன்ற போல்ட் அக்காவின் மேஜைக்கு வந்தது. வேறொரு போல்ட்டைத் திறக்கப் பொத்தானை அழுத்தினாள். கழன்று வந்த இந்த போல்ட்டும் டக்கென்று திறந்தது. சோதனையின்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் திறக்க ஒரு பொது எண் வைத்திருந்தாள். மென்பொருளைப் பணிமனைக்கு அனுப்பும் முன் அதை நீக்க மறந்துவிட்டாள். கைக்கருவி தனி எண்ணோடு அந்தப் பொது எண்ணையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டியில் யாரோ பொத்தானை அழுத்த, இங்கே தகடு விழுந்திருக்கிறது.

"சத்தமில்லாம புது மென்பொருளை ஏத்திடுங்க. வெளிய பேச வேணாம்" என்றார் மேனேஜர். தலையாட்டிவிட்டு வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்களை அந்த வாங்கு வாங்கினியே! இப்ப பழியை அந்த மனுஷன் தலையில கட்டிட்டு சும்மா இருப்பியா?"

"வெட்கமா இருக்குடா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்?"

ஆனாலும் மறுநாள் போனாள். பணிமனையில் எல்லோர் முன்னாலும் தன் தப்பைச் சொன்னாள். மெக்கானிக்கைத் திரும்ப அழைத்தார்கள். அவர் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதை எங்க வீட்லயும் வந்து சொல்றீங்களாம்மா?"

நானும் கூடப் போனேன். அக்கா வாசலிலேயே நின்று, திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தோம். மெக்கானிக்கின் மனைவி எங்களைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தார்.

"என் தம்பி மேல சத்தியம் பண்ணிச் சொன்னீங்களே. அப்பவும் நம்பாம, உங்களுக்குச் சோறு போடக்கூட எனக்குக் கை வரலையே" என்று அழுதார்.

அக்கா தலை நிமிரவேயில்லை.