பட்டறையில் அடித்த காலிபர்

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓசூரில் நான் நிறுத்திய தொழிற்சாலைக் கூரைகளைக் காட்ட ஒரு நாள் போதாது. அப்படி ஒரு கூரையிலிருந்துதான் விழுந்தேன். தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று.

ஆயுத பூசையன்று என் வெல்டிங் பட்டறை வாசலில் பூசணிக்காய் உடைப்பது நான்தான். வேறு யார் கைக்கும் அதைக் கொடுத்ததில்லை. இந்த வருடமும் நின்றுதான் உடைப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் சிகிச்சை மையத்தில் தினப் பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு மெஷின். காலோடு சேர்த்துக் கட்டினால் மோட்டாரே முட்டியை மடக்கி அடியெடுத்து வைக்கும். அதில் எனக்கு முந்தின முறை தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகி விவசாயிக்கு. யானைக்குக் காவல் இருந்த பரணிலிருந்து விழுந்தவன். அவன் காலில் கொஞ்சம் பலம் மிச்சமிருந்தது. மூன்றாம் மாதமே மெஷினை விட்டு, காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிபர் மாட்டி, வாக்கரைப் பிடித்துக் கதவுவரை போய்விட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது. பரண்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன் நடக்கிறான்!

எனக்குக் காலிபர் எப்போது என்று கேட்டால், பயிற்சி கொடுக்கும் அம்மா பொறுங்கள் என்றார். பூசை பொறுக்குமா? அவன் காலிபரைக் கண்ணாலேயே அளந்தேன். பட்டறையில் பட்டை இரும்பை வெட்டி அதேபோல வெல்டிங் அடிக்க வைத்தேன். காலையில் மாட்டிப் பார்த்தேன், துளி வலியில்லை. என் அளவு என்றைக்குத் தப்பியிருக்கிறது? எல்லோரும் பார்க்கட்டும் என்று அதோடேயே மையத்துக்குப் போனேன்.

அவன்தான் முதலில் பார்த்தான்.

"அண்ணா, சாக்ஸ் பூரா ரத்தமா இருக்குது. தெரியலீங்களா?"

வெல்டிங் பிசிறு கணுக்காலை அறுத்திருந்தது. உணர்ச்சியில்லாத காலுக்கு வலி எங்கிருந்து வரும்? புண் ஆறும்வரை மெஷினும் கிடையாது என்றுவிட்டார் அந்த அம்மா.

பூசைக்கு, என்னை மையத்துக்குக் கூட்டிப்போகும் என் மேஸ்திரி அந்த விவசாயியையும் அழைத்திருந்தான். வாக்கரோடு நடந்தே வந்தான். நான் சக்கர நாற்காலியில். மேஸ்திரி பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினான்.

"நிக்கிறவரு உடைக்கட்டுங்களே, மொதலாளி."

விவசாயி சிரித்தான்.

"என் ரெண்டு கையும் வாக்கர்ல இருக்குது. அண்ணா கைதான் சும்மா இருக்குது, அவருகிட்டயே குடு."

உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் தூக்கி ஓங்கிப் போட்டேன். விதை அவன் செருப்புவரை தெறித்தது. நின்று உடைத்த எந்த வருடமும் அவ்வளவு தூரம் தெறித்ததில்லை.

பொரியை வாங்கிக்கொண்டு அவன் தெருவில் நடந்து போனான். அவன் முட்டியில் காலிபரின் பூட்டு எப்படி விழுகிறது என்று, திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.