விரல் பட்டுக் காலமானவர்

நான் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணினி மௌசின் வயிற்றில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. கிழமைக்கு ஒருமுறை அதைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். பிறகு பந்து போய்ச் சிவப்பு வெளிச்சம் வந்தது. ஆகவே, கொக்குவிலில் மரண அறிவித்தல் அடித்துக்கொடுக்கும் கடைக்காரர், "அண்ணை, மௌசின்ரை கதை முடிஞ்சுது. இனி எல்லாம் விரல்தான்" என்றபோது நான் மறுத்துப் பேசவில்லை. அவர் புதிதாக ஒரு பெரிய தொடுதிரைக் கணினி வாங்கியிருந்தார். பழைய மௌசை அதன் வயராலேயே சுற்றிக் கட்டி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

நான் அங்கே போனது பெரியம்மாவின் அறிவித்தலுக்காக. அவர் காலையில் இறந்தார். அடுத்த நாள் பத்திரிகையில் வரவேண்டுமானால் பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். முப்பது வருடம் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராக இருந்தவன் என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

புறப்படும்போது பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, வாசல் கேற்றடியில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இவரின்ரை பேர் வடிவாய் வரவேணும். பேப்பருக்குக் குடுக்க முதல் இவருக்கு அனுப்பு. கண்ணாலை கண்டால்தான் வருவார்."

'இவர்' என்றது அவருடைய கணவரை, எங்கள் அத்தானை. பதினொரு வருடங்களுக்கு முன், அந்த வீட்டுக் கடைசி மகளின் கலியாணக் கார்டில் அத்தானின் பெயர் விடுபட்டுப்போனது. கார்ட் அடிப்பித்தவர் அக்காவின் தமையன். மறந்துபோனேன் என்றார் அண்ணன். மறக்கிற பெயரா என்றார் அத்தான். அன்று முதல் அவர் அந்தக் கேற்றைத் தாண்டவில்லை. அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தாமலே திரும்பிவிடுவார். தாய் இறந்த அன்று காலையிலும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தலை எவரும் தனியாக எழுதுவதில்லை. கணினிக்காரரின் முதுகுக்குப் பின்னால் குடும்பமே நின்று, திரையில் விரலை ஊன்றி ஊன்றிச் சொல்லும். பழைய திரையில் அதனால் விளைந்த சேதம் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான். புதிய திரையில் விரல் வைத்தவரெல்லாம் ஆசிரியர் ஆனார்கள். ஒரு மாமா 'கொக்குவில் கிழக்கு' என்பதைத் தொட்டுக் காட்ட, கிழக்கு காணாமற்போனது. கடைக்காரர் திரும்ப அடித்தார்.

மருமக்கள் வரிசையில் முதல் பெயர் மூத்த மருமகனுடையது. அவர் இறந்துவிட்டார், ஆகவே அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அடுத்த பெயர் அத்தானுடையது. அண்ணன் தன் பழைய பிழையைத் திருத்தும் வேகத்தில் இருந்தார்.

"மச்சானை முன்னுக்குப் போடும் ஐசே" என்று கடைக்காரரிடம் சொல்லி, அத்தானின் பெயரில் விரலை அழுத்தி முன்பக்கமாக இழுத்துக் காட்டினார். பெயரும் விரலோடு போனது. போய், 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்கும் மூத்த மருமகனின் பெயருக்கும் நடுவில் குந்திக்கொண்டது. ஒரே இழுப்பில் ஒருவர் இறந்தார், ஒருவர் உயிர்த்தெழுந்தார். அந்த நேரம் எல்லோரும் மாமாவின் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஊர்ப்பெயர்கள் எல்லாம் சரி. "ஓம், அனுப்பலாம்" என்றேன். கடைக்காரர் அத்தானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

பத்து நிமிடத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஞ்சின் நிறுத்தப்பட்டது.

"ஆர் என்னைச் சாக்காட்டினது?"

"அண்ணை, முதல்லை இருங்கோ" என்றார் கடைக்காரர், கதிரையைத் தள்ளி.

"இருக்கிறன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அண்ணன் முன்னுக்கு வந்தார். "சத்தியமாய்த் தெரியாது மச்சான். உங்களை முன்னுக்குப் போடத்தான் சொன்னனான்."

"ஓம், முன்னுக்குத்தான் அனுப்பியிருக்கிறாய்! அண்டைக்குப் பேரை எடுத்தாய், இண்டைக்கு ஆளையே எடுத்திட்டாய்."

அவர் திரையருகே போனார். பிள்ளைகள் வரிசையில் அண்ணனின் பெயர் முதலாவதாக நின்றது. அதில் விரலை அழுத்தி, "உவன்ரை பேர் இஞ்சை உயிரோடை. என்ரை பேர்…" என்று விரலை எடுக்காமலே தன் பெயர்வரை கொண்டுபோனார். "…இஞ்சை!"

"ஐயோ அண்ணை, கையை எடுங்கோ" என்றார் கடைக்காரர்.

எடுத்தார். அண்ணனின் பெயரும் விரலோடு வந்து 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றது. பெரியம்மாவுக்கு முன் காலஞ்சென்றவர்கள் இப்போது அத்தானும் அண்ணனும், பக்கத்தில் பக்கத்தில்.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து வாசித்தார். "என்னையும் கூட்டிக்கொண்டெல்லோ போறியள்."

அத்தான் திரையைப் பார்த்தார், பிறகு தன் விரலைப் பார்த்தார். சிரிப்பு முதலில் அவர் மூக்கிலிருந்துதான் வந்தது.

"தனியப் போகப் பயமாய்க் கிடந்துது" என்றார்.

கடைக்காரர் லாச்சியைத் திறந்து மௌசை எடுத்து, வயரைப் பிரித்துக் கணினியில் கொழுவினார். "எல்லாரும் கையைப் பின்னாலை கட்டுங்கோ." கட்டினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. திரையில் மௌசின் அம்பு மெல்ல ஊர்ந்து போய் ஒவ்வொருவராக உயிர்ப்பித்தது. அத்தான் முதற்சொல்லிலிருந்து உரக்க வாசித்தார். மூத்த மருமகனின் பெயரில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"இந்த மனுசன் செத்து நாலு வருசம். எனக்கு அனுப்பினதிலை உயிரோடை இருந்தவர். நீ என்னடாப்பா பாத்தனீ?"

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அறிவித்தல் போய்ச் சேர்ந்தது. தொடுதிரை வந்தால் மௌஸ் போய்விடுமா என்று இப்போது யாராவது கேட்டால், நான் அந்தக் கடையைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். தொடுதிரையின் மேல் ஓரத்தில் 'திரையைத் தொட வேண்டாம்' என்று ஒட்டியிருக்கிறது.

திரும்பும்போது அண்ணன் அத்தானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். நான் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். கேற்றடியில் அக்கா நின்றார்.

"பேர் சரியே?"

"ஓம்" என்றார் அத்தான். "நானே பாத்தனான்."

எஞ்சினை நிறுத்தி, மோட்டார் சைக்கிளைக் கேற்றுக்குள்ளே உருட்டிக்கொண்டுபோய், பந்தல்காலுக்குப் பக்கத்தில் ஸ்ராண்ட் போட்டார்.