காளியம்மாவின் கறுப்பு மண்

மண்வாரி இயந்திரம் ஈப்போவை அடுத்த லகாட்டிலுள்ள கீரைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, காளியம்மா வாடிக்கையாக வாங்கும் எனக்காகக் கீரை அரிந்துகொண்டிருந்தார். நிலத்தை விற்றுவிட்ட, தவுக்கே என்று அழைக்கப்படும் சீன முதலாளி மறுநாள்வரை தவணை தந்திருந்தார். சற்றுத் தள்ளியுள்ள சிம்பாங் பூலாயில் வேறொரு துண்டு நிலம் வாடகைக்குக் கிடைத்துவிட்டது. ஆனால், அது வெறும் மணல். இங்குள்ள மேல்மண்ணை அங்கே கொண்டுசெல்ல மறுநாளைக்குத்தான் லாரி பேசியிருந்தார்கள்.

அந்த மண் தானாக அமைந்ததன்று. வெள்ளீயம் தோண்டியெடுத்தபின் எஞ்சிய வெள்ளை மணலில் கோழி எருவையும், எண்ணெய் ஆலை கழிக்கும் செம்பனைக் குலைகளையும் ஆண்டுக்கணக்கில் மட்கவைத்து, அவரும் கணவர் பத்துமலையும் உண்டாக்கியது.

அதே ஆண்டுகளில் காளியம்மா தம் சினத்தோடும் போராடிவந்தார். முன்பு ஈப்போவில் காய்கறிக் கடை வைத்திருந்தபோது, தம்மை இழிவாகப் பேசிய ஒருவன்மீது எடைக்கல்லை வீசினார். கடை போயிற்று. இன்னொரு முறை கை ஓங்கினால் சிறைதான் என்று எச்சரிக்கப்பட்டார்.

பண்படுத்துதல் என்னும் சொல்லை நிலத்துக்கும் வழங்குகிறோம், மனத்துக்கும் வழங்குகிறோம். யாழின் நரம்பை இசைக்குக் கூட்டுவதையும், குதிரைக்குச் சேணம் பூட்டுவதையும் பண்ணுதல் என்றே முன்னோர் குறித்தனர். முரண்டு பிடிப்பதைப் பயனுக்கு ஆயத்தமாக்குவதே இவை அனைத்துக்கும் பொது. அது ஒருநாளில் முடிகிற வேலையன்று. கெடுவதற்கோ ஒரு நொடி போதும்.

நிலத்தை மேடாக்க வந்த செம்மண் லாரியொன்று கோடியிலிருந்த பாத்திகளின்மேல் சுமையைக் கொட்டியது. காளியம்மா மண்வெட்டியோடு ஓடினார். நானும் பத்துமலையும் பின்னால் ஓடினோம்.

"அண்ணே, நாளைக்குன்னுதானே தவுக்கே சொன்னாரு?" என்று மேற்பார்வையாளர் ரோய்ஸ்டனிடம் கேட்டார்.

"எனக்கு இன்னிக்குத்தான் ஆர்டர்லா. கீரைய எடுத்துக்கிட்டு கெளம்புக்கா."

"கீரை கெடக்கட்டும். எனக்கு மண்ணு வேணும்."

ரோய்ஸ்டன் சிரித்தார். "மண்ணா? கோழிப் பீய அள்ளிட்டுப் போயி என்னா செய்யப்போற? பூஜையா?"

மண்வெட்டியின் காம்பில் காளியம்மாவின் விரல்கள் வெளுத்தன.

"காளி, வேணாம்," என்றார் பத்துமலை.

இயந்திரத்தின் கை உயர்ந்தது. காளியம்மா மண்வெட்டியை ஓங்கினார். நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அது ரோய்ஸ்டனின் காலுக்கு அருகே தரையில் இறங்கியிருந்தது. காளியம்மா காம்பை விட்டுவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"மத்தியானம் வரைக்கும் குடுங்கண்ணே. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசமாட்டேன்."

இயந்திரத்தை ஓட்டிவந்த யுகேந்திரன் அதை நிறுத்தினார். "அண்ணே, இது மெத்துன்னு இருக்கு. மேல கொட்டுனா பின்னால அமுங்கிரும். எப்படியும் சீவணும்லா. சீவுறத ஓரமா வெச்சா அக்கா எடுத்துக்குவாங்க."

ரோய்ஸ்டன் வானத்தைப் பார்த்தார், மழை திரண்டுகொண்டிருந்தது. "மத்தியானம் வரைக்குந்தான். அப்புறம் அழக் கூடாது."

"நானா அழுவேன்?" என்றார் காளியம்மா.

பத்துமலை தொலைபேசியில் கெஞ்சி, லாரியை வரவழைத்தார். யுகேந்திரன் கறுப்பு மண்ணை ஏடு ஏடாகச் சீவிக் குவித்தார். முதல் சுமை போனது. இரண்டாவது சுமை ஏறும்போது தூறல் விழத் தொடங்கியது. ஒரு பாத்தி மீந்திருந்தது. அதில்தான் மண் மிகவும் கறுப்பு. அப்போது ரோய்ஸ்டன் கையை உயர்த்தினார்.

"போதும்கா. நேரமாச்சு."

பத்துமலை வாயைத் திறந்தார். காளியம்மா அவரை முந்திக்கொண்டார்.

"கொட்டுங்க," என்றார்.

செம்மண் சரிந்து அந்தப் பாத்தியை மூடும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

அன்று மாலை சிம்பாங் பூலாயில் பரப்பிப் பார்த்தபோது, கொண்டுவந்த மண் பாதி நிலத்துக்கே போதுமானதாக இருந்தது. மறுபாதி மணல் வெள்ளையாகக் கிடந்தது. பத்துமலை அதன் ஓரத்தில் சோர்ந்து அமர்ந்தார்.

"என்னா ஒக்காந்துட்ட? கோழிப் பண்ணை சாத்துறதுக்குள்ள போயி எருவு ஏத்திக்கிட்டு வா!" என்று காளியம்மா போட்ட கூச்சல் தெருமுனைவரை கேட்டது.