பால்வாடி டீச்சர் சம்பந்தம் பேசிய கதை

கரியாலூர் பால்வாடி டீச்சர் மார்கரெட் தன் மகளுக்கு வந்த முதல் சம்பந்தத்தைக் கெடுத்தது முந்தானையால். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா பாயசம் குடித்தார். மீசையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மார்கரெட் பேசிக்கொண்டே குனிந்து, அவர் மோவாயைப் பிடித்துத் தூக்கி, முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, "மூக்க சிந்து" என்றும் சொல்லிவிட்டார். அவர் சிந்தவில்லை. எழுந்து போனவர்கள் திரும்பி வரவும் இல்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக மூன்று வயதுப் பிள்ளைகளோடு குப்பை கொட்டிய மனுஷி வேறு எப்படி இருப்பார்? ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கூப்பிட்டால்கூட வாய் திறக்காத பெண் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள். எலக்ட்ரீசியன் ஆல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்தார். பால்வாடி வேலை கிடைத்தது. தினமும் பஸ் ஏறி மலைக்குப் போய் வந்ததில், இறங்கி வந்தவர் வேறு ஆளாக வந்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மார்கரெட்டுக்கு அடுத்தவர் பிள்ளைகளின் தொட்டிலே போதுமானதாக இருந்தது.

மலைக்குப் போகும் பஸ் கிளம்பும் முன் எழுந்து நின்று, "யாருக்கெல்லாம் ஒண்ணுக்கு வருது? இப்பவே போய்ட்டு வந்துருங்க" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே நாலைந்து பேர் இறங்கியும் போவார்கள். கண்டக்டரும் பேசாமல் காத்திருப்பார். பாங்க்கில் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், "அழகா எழுதியிருக்கியே!" என்று கை தட்டுவார். ஆல்பர்ட் சாப்பாட்டை மிச்சம் வைத்தால் காக்காவைக் கூப்பிடப்போவதாக மிரட்டுவார். ஐம்பத்தைந்து வயது ஆல்பர்ட் அவசரமாக வழித்துச் சாப்பிடுவார்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து எழில்மதி வந்து சேர்ந்தாள். வேலை பார்க்கும் இடம் மனிதர்களை எப்படி வளர்க்கிறது, எங்கே வளைக்கிறது என்று ஆராய்ச்சி செய்பவள். பால்வாடி பிள்ளைகளை எப்படி மாற்றுகிறது என்று ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், டீச்சரை என்ன செய்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லையே என்பது அவள் கவலை. மார்கரெட் வீட்டிலேயே தங்கி, கூடவே பால்வாடிக்கும் போய் வந்தாள்.

"உங்க வேலை உங்களை மாத்தியிருக்கா, டீச்சர்?"

"என்னயா? அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. மொதல்ல சோத்த சிந்தாம துன்னு. எங்க, ஆ காட்டு!"

எழில்மதி ஆ காட்டினாள். வந்த ஒரு வாரத்தில் அவளும் மத்தியானம் சத்துமாவு உருண்டை தின்றுவிட்டுப் பிள்ளைகளோடு பாயில் தூங்கப் பழகியிருந்தாள். பாத்ரூம் போவதற்கு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனாள். அதை மட்டும் அவள் ஆராய்ச்சியில் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது இரண்டாவது சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை அமல், கள்ளக்குறிச்சியில் மருந்துக் கடை வைத்திருப்பவன். மகள் ஜெஸிக்கு அவனைப் பிடித்திருந்தது. தலைவலியே இல்லாதவள் அவன் கடையில் மாதம் நாலு தடவை தலைவலி மாத்திரை வாங்கினால் வேறு என்ன அர்த்தம்? இதுவும் கெட்டால் மகள் தன்னை மன்னிக்க மாட்டாள் என்று மார்கரெட்டுக்குத் தெரியும். கடைசியில் எழில்மதியிடமே சரணடைந்தார்.

"நான் வாய தொறந்தா தப்பா எதுனா வந்துருது. அப்பிடி வர்றாப்பல இருந்தா நீ இருமிடு கண்ணு. நான் கப்புனு நிறுத்திக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலும் அவன் வீட்டாரும் வந்தார்கள். அமலின் அப்பா இன்னாசி, ஒரு கரும்பாலையில் மிஷின் பக்கத்திலேயே முப்பது வருஷம் நின்றவர். அங்கே கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையைக் கழற்றி ஆலையிலேயே வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. "தோத்திரம்!" என்று அவர் வாசலில் நின்று சொன்னபோது தெருக்கோடி நாய் எழுந்து இடம் மாறியது. அவர் மனைவி அந்தோணியம்மா யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போன்ற முகத்தோடு பின்னால் வந்தார்.

மார்கரெட் இன்னாசியின் டீயை ஊதி ஆற்றப் போனார். எழில்மதி இருமினாள். வடையைப் பிட்டுப் பிசையப் போனார். இருமினாள். சட்டை பட்டனை மேலே கீழே மாறாமல் மாட்டினாரா என்று குனிந்து பார்க்கப் போனார். எழில்மதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"இன்னா இந்தப் பொண்ணு இப்பிடி இருமிக்கினு கீது! எதுனா சீக்கா?" என்று இன்னாசி முழங்கினார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அந்தோணியம்மா, "மெதுவா பேசுங்களேன்" என்று புடவைக் கரையைத் திருகினார். ஆனால் இன்னாசி விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பையனுக்கு ஒரு வண்டி! பொண்ணுக்கு நக! அப்புறம் கட்டிலு, பீரோ..."

மார்கரெட் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆல்பர்ட்டின் முகம் சுண்டியது. அமல், "அப்பா, அதெல்லாம் வேணாம்பா" என்றது அந்தச் சத்தத்தில் எங்கே எடுபடும்? "...மிக்ஸி, கிரைண்டரு!" என்று இன்னாசி முடித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீலென்று அலறி எழுந்தது.

அவ்வளவுதான். இருமலுக்குக் காத்திருக்க மார்கரெட்டுக்கு நேரமில்லை.

"ஏய்! பாப்பா தூங்குது தெரியல? கைய கட்டு! வாயில விரலு!"

ஜெஸி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளதும் போச்சு என்று ஆல்பர்ட் மாதாவை வேண்டிக்கொண்டார்.

இன்னாசி சட்டென்று ஒரு கையை மார்போடு மடக்கி, மறு கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக்கொண்டார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அப்படியே வைத்தபடி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தை அழுகையை நிறுத்தியது. அந்தோணியம்மா புருஷனைப் பார்த்தார். மார்கரெட்டைப் பார்த்தார். கல்யாணமான நாள் முதல் கேட்டிராத அமைதி அது.

மார்கரெட்டுக்குச் சுயநினைவு வந்தது. "ஐயோ அண்ணே, மன்னிச்சுக்கங்க, விரல எடு..."

"எடுக்கச் சொல்லாதீங்க டீச்சர்!" என்று அந்தோணியம்மா அவர் கையைப் பிடித்தார். "கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும். நான் பேசிக்கறேன். வண்டியும் வாணாம், நகையும் வாணாம், ஒரு பொருளும் வாணாம். எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும்." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இன்னாங்க, சரிதான?" என்றார்.

இன்னாசியின் கண்கள் அகலமாயின. வண்டி, பீரோ எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டுப் போயின. மார்கரெட்டைப் பார்த்தார். விரலை எடுக்காமல் தலையை ஆட்டினார். எழில்மதி தலையில் துப்பட்டாவைப் போட்டு மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

"பொண்ணு இன்னா சொல்லுது? அதையும் கேட்டுருங்க" என்றார் அந்தோணியம்மா.

எல்லோரும் ஜெஸியைப் பார்த்தார்கள். டிகிரி முடித்துக் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டரில் பத்து பேரை மேய்க்கிறவள். இரண்டரை வயதில் அம்மா இடுப்பில் மலை ஏறி, மற்ற பிள்ளைகளோடு அதே பால்வாடிப் பாயில் உட்கார்ந்தவளும் அவள்தான். அங்கே அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார் மார்கரெட்.

ஜெஸி எழுந்து நேராக நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"சம்மதம் டீச்சர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து முகம் சிவந்தாள். மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அந்தச் சிரிப்பிலேயே அழவும் செய்தார். ஜெஸிதான் ஓடி வந்து தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.