மேலடி

கிளப்புக்காக அவர் அடித்த கோல்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் தேசிய அணிக்காக அரையிறுதியில் அடித்த ஒரே ஒரு பெனால்ட்டி, கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'மேலடி'. இப்போது டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்கக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"ரொம்ப நாளா மனசுல இருக்கு சார். கீப்பர் முன்னாடியே விழுந்துட்டான். சும்மா உருட்டி விட்டிருந்தாலே கோலு. ஏன் சார் தூக்கி அடிச்சீங்க?"

அவருக்குத் தாடை மரத்துக் கிடந்தது. அன்று வலது காலும் இப்படித்தான் மரத்துக் கிடந்தது.

பக்கத்தில் நின்ற மனைவிக்குப் பொறுக்கவில்லை. "முழங்கால்ல ஊசி போட்டுத்தான் இவர எறக்கி விட்டாங்க டாக்டர். கால் தரையில படுறதே தெரியலயாம்."

டாக்டர் சிரித்தார். "தோத்தவங்க எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்கம்மா." அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெருவுக்கு வந்ததும் அவர் பஞ்சைத் துப்பினார்.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்று குழறினார். "இனிமே யாருகிட்டயும் சொல்லாத."

மனைவி தலையாட்டினாள். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.